மாமா காப்பகத்திற்கு அனுப்பப்பட்டது

அலுவலகத்தில் அவளுக்கு 'முடிச்சாச்சா' என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் முடிச்சாச்சா. கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்தித் தரும் நிறுவனம் அது. எந்தக் கட்டடத்தில் எந்த வேலை எந்த மட்டில் நிற்கிறது என்று கம்ப்யூட்டரில் பார்த்து, தூங்குகிறவனை எழுப்பி, எழுந்தவனை ஓட வைப்பதுதான் அவள் உத்தியோகம். காலை வணக்கம் சொன்னால்கூட "முடிச்சாச்சா?" என்றுதான் பதில் வரும் என்று பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். சில நாள் வணக்கமும் சொல்வாள்.

வேலைகளைக் கண்காணிக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டடமும் அதில் ஒரு ப்ராஜெக்ட். அதற்குள் வரிசையாகச் சின்னச் சின்ன வேலைகள். முடிக்க முடிக்கப் பக்கத்தில் பச்சை டிக் விழும். எல்லாம் பச்சையானதும் அந்த ப்ராஜெக்டைத் திரையிலிருந்து தூக்கி உள்ளே பத்திரப்படுத்திவிடலாம். ஆர்க்கைவ் பண்ணுவது என்பார்கள். அழிப்பதில்லை, கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தி வைப்பது, அவ்வளவுதான்.

மற்றவர்கள் இதை ஆற அமரச் செய்வார்கள், அல்லது செய்யவே மாட்டார்கள். லிஃப்ட் ஓட ஆரம்பித்து, பழுதாகி, சரியாகி, மறுபடி பழுதான பிறகும் அந்த ப்ராஜெக்ட் அவர்கள் திரையில் முதல் வரிசையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கும். முடிச்சாச்சாவுக்கு அது உடம்புக்கு ஆகாது. கடைசி டிக் விழுந்த கையோடு அந்தப் பொத்தானை அழுத்தினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதைத் தொட்டால் விரியும் பட்டியலில் கீழிருந்து இரண்டாவது. எழுத்தைப் படிக்கவே மாட்டாள். விரலுக்கே வழி தெரியும்.

ஊரில் எல்லாரும் அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் பேனா எடுத்து வருவார்கள். இவள் இந்த வியாதியை எடுத்து வந்தாள். அதே மென்பொருளில் இலவசமாகக் கிடைக்கும் வகையை இறக்கி, கணவனைச் சேர்த்தாள், நாத்தனாரைச் சேர்த்தாள், குடும்பத்துக்கு நிர்வாகம் ஆரம்பமானது. 'குளியலறைக் கசிவு' ஒரு ப்ராஜெக்ட். 'பாப்பா பல் கம்பி' ஒரு ப்ராஜெக்ட். கணவன் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பவன். அவன் பெயருக்கு எதிரே இருந்த வேலைகளெல்லாம் சிவப்பாகவே கிடந்தன. கேட்டதற்கு, "எல்லாம் இங்கிலீஷ்ல இருக்கு. வீட்டு விஷயம்னே தோண மாட்டேங்குது" என்றான். இவளும் விடவில்லை. போன வாரம் அந்தக் குடும்பக் கணக்கை மட்டும் தமிழுக்கு மாற்றினாள். இனி என்ன சாக்கு சொல்கிறார் பார்க்கலாம் என்று ஒரு வீம்புதான்.

அந்த வீம்பில்தான் வினை பிறந்தது. ஆனால் அதற்கு முன் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

மாமனார் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலம் முழுவதும் வாயைப் பிளந்து வைத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். அதனால் தன் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது என்ற நல்ல அபிப்பிராயம் அவருக்கு உண்டு. மாமியார் காலமான பிறகு தன் வீட்டில் தனியாக இருந்தார். வலது முழங்கால் தேய்ந்து, மாற்றியே தீர வேண்டும் என்றானபோது இங்கே வந்தார். ஆப்பரேஷன் முடிந்து, தேறி, நடக்கும்வரை என்பது பேச்சு.

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோது, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனில் அந்த ப்ராஜெக்டை ஆரம்பித்தாள். ப்ராஜெக்டுக்கு எப்போதும் வேலையின் பெயரைத்தான் வைக்க வேண்டும், ஆளின் பெயரை வைக்கக் கூடாது என்று அலுவலகத்தில் மற்றவர்களைப் பிய்த்து எடுப்பவள் அவள். அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டிருந்தது. 'மாமா' என்று மட்டும் அடித்து வைத்தாள். பிறகு மாற்றவில்லை.

மாமா ப்ராஜெக்ட் நன்றாகவே நடந்தது. தையல் பிரிப்பது, கழிப்பறையில் கைப்பிடி, பிசியோதெரபி, வாக்கரிலிருந்து கைத்தடி, கைத்தடியிலிருந்து வெறும் கை. 'குறட்டை, டாக்டரிடம் கேட்கவும்' என்று நாத்தனார் ஒன்றைச் சேர்த்திருந்தாள். 'கேட்டாயிற்று, நிற்காதாம்' என்று இவள் எழுதி டிக் போட்டாள்.

வாரத்தில் பாதி நாள் இவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு கோடியில் இவள் லேப்டாப், மறு கோடியில் அவர் செய்தித்தாள். இவள் மீட்டிங்கில் யாரையாவது வறுத்தெடுத்து முடித்ததும், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் தீர்ப்பு சொல்வார். "அந்தப் பையன் பொய் சொல்றான்மா. கிரேன் வரலேன்னு சொல்றப்ப குரல் ஒரு மாதிரி ஏறுது பாரு." முக்கால்வாசி சரியாக இருக்கும். அவர் போடும் டீ மட்டும் வாயில் வைக்க முடியாது. அதையும் இவள் குடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில், இன்றைக்கு மீட்டிங் என்ன ஆச்சு என்று அவளைக் கேட்ட ஒரே ஜீவன் அந்த வீட்டில் அவர்தான்.

அவர் போய்விடக் கூடாது என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்து சொல்வது எப்படி? கணவன் சொல்லட்டும் என்று பார்த்தால் அவன் பார்க்கலாம் ஆசாமி. தானே சொன்னால், அவருக்குத் தன் வீடு, தன் தெரு, தன் கட்டில் என்று ஏக்கம் இருக்கலாம். மருமகள் முகத்துக்காகத் தலையாட்டிவிட்டு மனதுக்குள் புழுங்கக் கூடாது. லிஃப்டின் எடை, உயரம், ஓடும் வேகம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லக்கூடியவளுக்கு இந்த ஒரு வாக்கியம் வரவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. இப்படி இரண்டு பேரும் நாகரிகமாக இருந்தே நாளைக் கடத்தினார்கள்.

அன்று காலை மாமா யார் துணையும் இல்லாமல் படி இறங்கி, தெருக்கோடி வரை போய், திரும்பப் படி ஏறி வந்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை. அதுதான் கடைசி வேலை. "சபாஷ் மாமா!" என்று கை தட்டினாள். அவர் ஒரு சர்க்கஸ்காரர் மாதிரி தலை குனிந்து வணங்கிவிட்டுத் தன் அறைக்குப் போனார். இவள் டிக் போட்டாள். எல்லாம் பச்சை. அடுத்த மீட்டிங் தொடங்கும் நேரம். விரல் வழக்கப்படி வலது மேல் மூலைக்குப் போனது, மூன்று புள்ளி, கீழிருந்து இரண்டாவது. வேலை முடிந்தது.

போன் அடித்தது. கணவன். வேலை நேரத்தில் அவன் போன் செய்வதென்றால் வீட்டில் தீப்பிடித்திருக்க வேண்டும்.

"ஏம்மா, அப்பாவ அனுப்பிட்டியா?"

"எங்க அனுப்பினேன்? ரூம்ல இருக்காரு."

"இல்ல, மெசேஜ் வந்துச்சு. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, சாயங்காலம் பேசிக்கலாம்." வைத்துவிட்டான். பெற்ற அப்பாவை எங்கேயோ அனுப்பிவிட்டதாகச் செய்தி வருகிறது, மகன் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்கிறான். இந்தப் பொறுமைக்கு ஒரு கோவில் கட்டலாம்.

அவள் தன் போனைத் திறந்து பார்த்தாள். மென்பொருள் தன் கடமையைச் சுத்தமான தமிழில் செய்திருந்தது. 'மாமா காப்பகத்திற்கு அனுப்பப்பட்டது. இனி இதற்குப் பணிகள் ஒதுக்கப்படாது. உறுப்பினர்கள் பார்க்க மட்டுமே முடியும். தேவையெனில் எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம்.' குடும்பத்தில் எல்லாருக்கும் போயிருந்தது.

"ஐயோ" என்று அவள் தலையில் கை வைப்பதற்கும் கீழே ஒரு கார் அபாரமாகக் குலுங்கி நிற்பதற்கும் சரியாக இருந்தது.

நாத்தனார் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவள். செய்தி வந்தபோது ஒருவருக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வண்டியை இங்கே விடச் சொல்லியிருக்கிறாள். இரண்டாவது கியரைத் தாண்டி அறியாத அந்த மனிதர் வழி நெடுக நாலாவது கியரில் வந்திருக்கிறார். ஸ்டீயரிங்கை விட்டு அவர் கையை எடுக்க முடியவில்லை என்று பிறகு தெரிந்தது. நாத்தனார் அவரை அப்படியே விட்டுவிட்டு மேலே வந்தாள்.

"எந்தக் காப்பகம் அண்ணி?" செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எந்தக் காப்பகம்னு சொல்லுங்க, நான் போய்க் கூட்டிட்டு வரேன்."

"அது இல்ல, உட்காரு—"

"பார்க்க மட்டுமே முடியும்னு வேற போட்டிருக்கீங்க! விசிட்டர் நேரம் எத்தனை மணிக்குன்னு போட மறந்துட்டீங்களா? எனக்கு ரூம் இல்ல, லிஃப்ட் இல்லாத மூணாவது மாடி, எல்லாம் ஒத்துக்கறேன். ஆனா என் ஹால்ல ஒரு கட்டில் போட முடியாதா? இனி பணிகள் ஒதுக்கப்படாதாம்! அவரு என்ன உங்க கம்பெனி மெக்கானிக்கா?"

"ஆர்க்கைவ்!" என்று கத்தினாள் முடிச்சாச்சா. "ஆர்க்கைவ் பண்ணேன்! அத அவங்க காப்பகம்னு தமிழ்ப்படுத்தி வெச்சிருக்காங்க. பழைய ஆவணமெல்லாம் பத்திரமா வைக்கற காப்பகம். வயசானவங்கள விடற காப்பகம் இல்ல. ப்ராஜெக்டுக்குப் பேரு மாமான்னு வெச்சுத் தொலைச்சேன், அதான்."

நாத்தனார் வாயைத் திறந்தபடியே நின்றாள். போனை எடுத்து மறுபடி படித்தாள். உதடு துடித்தது, மூக்கு விடைத்தது, அப்புறம் வெடித்துச் சிரித்துவிட்டாள். இவளும் சிரித்தாள். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, இரண்டு பேரும் சிரித்தார்கள். "பாவம் அந்த மனுஷன், ரெண்டு சிக்னல்ல நிக்காம வரச் சொன்னேன்" என்றாள் நாத்தனார், இடையில். அதற்கும் சிரித்தார்கள்.

அறைக் கதவு திறந்தது. மாமா வெளியே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, வாரிய தலை. கையில் பெட்டி.

"என்னம்மா, வண்டி வந்தாச்சா?" என்றார்.

நாத்தனார் மறுபடி விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்பா! உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எனக்கும் வந்துச்சே. ஆப்பரேஷன் ஆன மறு வாரமே உன் அண்ணன் என்னையும் அதுல சேர்த்துட்டான். குறட்டை சமாச்சாரம்கூடப் படிச்சேன்." மருமகளைப் பார்த்தார். "அனுப்பினதுகூடப் பரவாயில்ல. 'அனுப்பப்பட்டது'ன்னு போட்டிருக்கே, அதான் மனசுக்குக் கஷ்டமா இருக்கு. 'பட்டார்'னு ஒரு மரியாதை வேணாமா? நான் என்ன மேஜையா, நாற்காலியா?"

"மாமா, போதும், மானத்த வாங்காதீங்க. நான் வேணும்னா கால்ல விழறேன். பெட்டியெல்லாம் எடுத்துட்டு வந்து நாடகம் போடறீங்க, குடுங்க இப்படி." சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள்.

பெட்டி கனத்தது.

வேடிக்கைக்கு எடுத்து வந்த பெட்டி இப்படிக் கனக்காது. உள்ளே எல்லாம் இருந்தது. சட்டைகள், போர்வை, மருந்து டப்பா, சவரச் சாமான், ஒன்றுகூட விடவில்லை என்று தெரியும் கனம். அவள் சிரிப்பு அப்படியே நின்றுபோனது. பெட்டியை அவர் காலடியிலேயே வைத்தாள்.

"மாமா, காப்பகம்னா அது..."

"தெரியும்மா. ஆவணக் காப்பகம். இத்தனை வருஷமா பேப்பர் படிக்கறேன், அது தெரியாதா எனக்கு? அவதான் கார எடுத்துட்டு ஓடி வருவா. நான் ஒழுங்காத்தான் படிச்சேன். வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம்." குரலில் கோபம் இல்லை, வருத்தம்கூட இருப்பதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "முடிஞ்சா கிளம்ப வேண்டியதுதானே? பல்ல பிடுங்கினப்புறமும் நாற்காலியிலயே உட்கார்ந்திருந்தா எப்படி? நானே அப்படி உட்கார்ந்தவங்கள எழுப்பி விட்டிருக்கேன். எதுக்கு நீ வந்து சொல்ற மாதிரி வைக்கணும்னு நானே..."

நாத்தனார் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

குடும்பமே தப்பாகப் படித்த செய்தியை அவர் ஒருவர்தான் சரியாகப் படித்திருந்தார். தப்பாகப் படித்தவர்களுக்கு விளக்கம் சொல்லிவிடலாம். சரியாகப் படித்தவருக்கு என்ன சொல்வது? முடிச்சாச்சாவுக்குத் தன் மீதே ஆத்திரம் வந்தது. தன் விரலை ஒடித்துப் போட வேண்டும் போல இருந்தது. ஆத்திரம் வந்தால் அவளுக்கு வழக்கமாக என்ன வருமோ அதுதான் வந்தது, நிர்வாகம்.

"மீட்டுக்கலாம் மாமா, அதுலயே போட்டிருக்கு பாருங்க. ஒரே அழுத்து, திரும்ப வந்துடும். இல்ல அது வேணாம், புதுசாவே ஒண்ணு ஆரம்பிக்கறேன், வேற பேர்ல."

"ஆரம்பி. அதுல என்ன வேலை போடுவ?"

போனை எடுத்தாள். புதிய ப்ராஜெக்ட். வெள்ளைத் திரை. 'முதல் பணியைச் சேர்க்கவும்' என்று அது கேட்டது. யோசித்தாள். முழங்கால் ஆயிற்று. கண் நன்றாகத் தெரிகிறது. ரத்த அழுத்தம் அவளுக்குத்தான் அதிகம். பல்லைப் பற்றி அவரிடம் யாரும் பேச முடியாது. அவருக்காக இந்த வீட்டில் யாரும் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. அவர் செய்ய வேண்டியதும் ஒன்றும் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அவளிடம் ஒரு ப்ராஜெக்டில் போடுவதற்கு எதுவும் இல்லாமல் போயிற்று. திரை மங்கி அணைந்தது. போனை மேஜையில் கவிழ்த்து வைத்தாள்.

"ஒண்ணும் இல்ல மாமா."

"பாத்தியா. அதத்தான் சொன்னேன். அதனால நான்..."

"சும்மா இருங்க மாமா!"

அவர் வாயை மூடிக்கொண்டார். மருமகள் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. நாத்தனார் நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல, அது இல்ல." முடிச்சாச்சாவுக்குக் குரல் உடைந்தது. "சும்மா இருங்கன்னா, பேசாதீங்கன்னு சொல்லல. சும்மா இருங்க. இங்க. எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல. வேலை ஒண்ணும் இல்ல, முழங்கால்தான் முடிஞ்சுது. நீங்க பாட்டுக்கு இருங்க. உங்க வீட்டுக்குப் போகணும்னு ஆசையா இருந்தா போங்க, நானே கொண்டு வந்து விடறேன். ஆனா முடிஞ்சுதுன்னு போகாதீங்க. நீங்க போயிட்டா எனக்கு இந்த மேஜையில உட்காரவே பிடிக்காது." ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

மாமா தன் ஷூவைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"போகச் சொல்லுவீங்க, அப்ப என்ன சொல்லணும்னு நல்லா யோசிச்சு வெச்சிருந்தேன்" என்றார் மெதுவாக. "முகம் கோணாம, ஒரு ஜோக்கோட. இருக்கச் சொல்லுவீங்கன்னு நினைக்கல. அதுக்கு ஒண்ணும் யோசிச்சு வைக்கல."

"பதில் வேணாம் மாமா. பெட்டிய விடுங்க, உள்ள கொண்டு போய் வைக்கறேன்." குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

அவர் விடவில்லை.

"நகரு" என்றார். "உன் முழங்கால் பழசு. என்னுதுதான் புதுசு." பெட்டியை வாங்கிக்கொண்டு, அறையைப் பார்த்து நடந்தார்.